"அப்பாக்கு ஒண்ணு" என்று வரும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

வடசென்னையில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கும் பொறுப்பில் இருக்கும் மாநகராட்சி, காவல், உணவு பாதுகாப்பு, பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து காசிமேட்டுப் பக்கம் போகும் சந்து ஒன்றில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பத்தொன்பது வயசாகிறது. முதல் ஏழு வருஷம் வீட்டுக்காரர் பார்த்தார், அவர் போன பிறகு நான். பால், தயிர், கொசுவத்தி, ஷாம்பு பாக்கெட், வாழைப்பழம், பிள்ளைகளுக்கு மிட்டாய், அப்புறம் சிகரெட், பீடி. குட்கா, ஹான்ஸ் வகையறா எதையும் நாங்கள் வைத்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் சிகரெட் கொடுத்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கியது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுத் தொழிலுக்குப் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவர். தினமும் சாயங்காலம் தன் மகனை அனுப்பி ஒரு சிகரெட் வாங்குவார். பையன் எட்டாம் வகுப்புக்குப் போகப் போகிறவன். "அக்கா, அப்பாக்கு ஒண்ணு" என்று சொல்லி, காசை மிட்டாய் ஜாடியின் மூடிமேல் வைப்பான். நான் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பேன். மீதிச் சில்லறை இருந்தால் ஒரு கமர்கட். இதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பாவுக்குப் பீடிக்கட்டு வாங்க ஓடியவள்தான் நானும்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின. பள்ளிக்கூடமும் திறந்தது. பையன் வருவது நிற்கவில்லை. அதே நேரம், அதே வார்த்தை. என் கையும் அதே பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போனது. ஜூன் கடைசியில் ஒரு நாள் காலையில் அவன் அம்மா தயிர் வாங்க வந்தாள். பேச்சுவாக்கில், "வீட்டுக்காரருக்குப் பாடு எப்படி?" என்று கேட்டேன். "எங்கக்கா, அவர் போய்ப் பதினோரு நாள் ஆச்சு, இன்னும் கரைக்கு வரல" என்றாள். முந்தின நாள் சாயங்காலம்தான் "அப்பாக்கு ஒண்ணு" கொடுத்திருந்தேன். அதற்கு முந்தின நாளும் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கே அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் பையன் வந்தான். "அப்பா எங்கேடா இருக்காரு?" என்று கேட்டேன். ஜாடி மூடியையே பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தில் ஐடி கார்டு கயிறு தெரிந்தது, கார்டைச் சட்டைக்குள் விட்டிருந்தான். வாயில் புதினா மிட்டாய் வாசனை. அந்த மிட்டாயும் என் கடையில் வாங்கியதுதான். சிகரெட்டும் நானே கொடுத்து, அந்த வாடை வீட்டுக்குத் தெரியாமல் இருக்க மிட்டாயும் நானே கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் தருவதில்லை என்று முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வாரத்திலேயே மூன்று பேரோடு சண்டை. "எனக்குத்தானே கேக்கறேன், என் பையன்கிட்ட கொடுத்தா உனக்கு என்ன?" என்று ஒரு தகப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "இவ்ளோ நாள் கொடுத்தே, இப்ப என்ன புதுசா?" என்று இன்னொருவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, என்னிடம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் சிகரெட்டை மட்டும் வேறு கடையில் வாங்கவில்லை. பாலையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள், அரிசி மாவையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளும் நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டார்கள். ஆக, என் வியாபாரம் குறைந்தது. எங்கள் சந்தில் பிள்ளைகள் வாங்கும் சிகரெட்டில் ஒன்றாவது குறைந்திருக்குமா என்று கேட்டால், இருக்காது என்றுதான் சொல்வேன்.

பக்கத்துக் கடைக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் இறந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து கூடவே நின்ற மனுஷன் அவர். "நீ மட்டும் நிறுத்துனா நின்னுடுமாம்மா?" என்று கேட்டார். எல்லாக் கடையும் ஒன்றாக நிறுத்தினால்தான் நிற்கும். எல்லாக் கடையையும் ஒன்றாக நிறுத்த வைக்க எங்களால் முடியாது, உங்களால்தான் முடியும்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். சட்டம் என்ன சொல்கிறது என்று அவள்தான் எடுத்துப் படித்துக் காட்டினாள். 2003-ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது. யார் குடிப்பதற்கு என்ற பேச்சே அதில் இல்லை. அப்பாவுக்கு வாங்க வந்தாலும் தாத்தாவுக்கு வாங்க வந்தாலும், பிள்ளை கையில் கொடுத்தால் குற்றம். இந்த ஒரு விஷயம் எங்கள் தெருவில் யாருக்குமே தெரியவில்லை, எனக்கும் தெரியாது. வயசில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டாம். வாங்கியவர் சிறுவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடைக்காரருடையதுதானாம். "பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம்" என்று அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டர் பலகை ஒன்றைக் கடையில் மாட்ட வேண்டுமாம். இப்போது எழுதி வாங்கி மாட்டியிருக்கிறேன். சண்டைக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டுகிறேன். பலகை பேசும்போது என் மேல் கோபம் கொஞ்சம் குறைகிறது. உங்களிடம் நான் கேட்கும் மிகச் சின்ன உதவி இதுதான். அந்தப் பலகையைத் தமிழில், பெரிய எழுத்தில், "அப்பாவுக்கு என்று கேட்டாலும் தர முடியாது" என்ற வரியையும் சேர்த்து அச்சடித்து ஒவ்வொரு கடைக்கும் நீங்களே கொடுங்கள். அரசாங்க முத்திரையோடு வந்தால் அதற்கு ஒரு பலம் உண்டு.

அடுத்தது தண்டனை. 6-ஆம் பிரிவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். சட்டம் வந்த காலத்தில் வைத்த தொகை அப்படியே இருக்கிறது. இருபது சிகரெட் இருக்கும் பெரிய பாக்கெட் ஒன்றின் விலை இன்று அதைவிட அதிகம். இன்னொரு பக்கம், 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில், குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு சிகரெட்டுக்காக எழுபது வயதுக் கடைக்காரப் பாட்டி மேல் ஏழு வருஷ வழக்குப் போட எந்த அதிகாரிக்கு மனசு வரும்? வராது, வராததும் சரிதான். 200 ரூபாய்க்கோ யாரும் பயப்படப் போவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். கடைக்காரர் தினமும் நினைத்துப் பார்த்துப் பயப்படுகிற மாதிரியும், அதிகாரி தயங்காமல் செய்யக் கூடிய மாதிரியும் அது இருக்க வேண்டும்.

அது புகையிலைக்கென்றே ஒரு தனி உரிமம். இந்தக் கடிதத்தில் நான் கேட்க வந்ததே அதுதான்.

சிகரெட், பீடி விற்க வேண்டுமானால் மாநகராட்சியிடம் தனி உரிமம் வாங்க வேண்டும் என்று வையுங்கள். பிள்ளைக்கு விற்றது தெரிந்தால் முதல் தடவை ஒரு மாதம் உரிமம் ரத்து, அடுத்த தடவை ஒரேயடியாக ரத்து. கடை இருக்கும், பால் விற்கலாம், பழம் விற்கலாம், பிழைப்புக்கு மண் விழாது. சிகரெட் மட்டும் போகும். எங்களுக்குச் சிகரெட் என்பது அதில் வரும் லாபம் மட்டும் இல்லை. அதை வாங்க வருகிறவர் கூடவே ஒரு டீ, ஒரு பழம், ஒரு தண்ணீர் பாக்கெட் வாங்குவார். அந்த ஆள் வரத்துக்காகத்தான் எல்லாப் பெட்டிக்கடையும் சிகரெட் வைத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு சிகரெட் கொடுத்தால் அந்த வரத்து முழுவதும் போய்விடும் என்று தெரிந்தால், யாரும் சொல்லாமலே கை நிற்கும். "உரிமம் போயிடும்ப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்கு வரும் தகப்பனுக்கும் புரியும்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. மத்திய சுகாதார அமைச்சகமே 2017 செப்டம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் இப்படி எழுதியிருக்கிறது. உள்ளாட்சி வழியாக உரிமம் கொடுங்கள், உரிமம் உள்ள கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், கூல் டிரிங்ஸ் மாதிரிப் பிள்ளைகளை இழுக்கும் பொருள்களை வைக்க விடாதீர்கள் என்று. ராஞ்சியிலும் லக்னோவிலும் மாநகராட்சி உரிமம் வந்துவிட்டது. இதில் இரண்டாவது பாதி எங்களைப் போன்ற கடைகளுக்குக் கஷ்டம், அதை ஒளிக்காமல் சொல்கிறேன். மிட்டாயா சிகரெட்டா என்று நான் முடிவெடுக்க வேண்டி வரும். மிட்டாய் ஜாடி மூடிமேல் காசு வைத்துச் சிகரெட் கேட்ட அந்தக் கையை நினைத்தால், முடிவெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகாது. ஆனால் எல்லாரையும் ஒரே நாளில் முடிவெடுக்கச் சொல்லாதீர்கள், ஆறு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

உரிமத்தோடு சேர்த்து, ஒற்றை ஒற்றையாக விற்பதையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் பாக்கெட் வாங்குவதில்லை. பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் அவர்கள் கையில் புரளும். ஒற்றைச் சிகரெட் கிடைப்பதால்தான் தொடங்கவே முடிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும். நிறுத்த நினைப்பவர்கள் கூப்பிட 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அதில் இருக்கும். அந்தப் படத்தைப் பார்க்கிறவள் நான்தான். பையன் பார்ப்பதில்லை. அவன் கைக்குப் போவது வெள்ளைக் குச்சி ஒன்று மட்டும். அரசாங்கம் இவ்வளவு பாடுபட்டு அச்சடிக்க வைத்த எச்சரிக்கை, யாருக்காக அச்சடித்ததோ அவர்கள் கண்ணில் படாமலே என் கடைக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. மகாராஷ்டிரம் 2020-லேயே ஒற்றை விற்பனையைத் தடை செய்துவிட்டது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2025-இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் ஒற்றை விற்பனையையும் நிறுத்தி, வாங்கும் வயதையும் 21 ஆக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. எங்கள் பக்கம் மூன்று நாலு தடவை வந்திருக்கிறார்கள். வந்ததெல்லாம் காலை பதினொரு மணி, பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கடைக்கு அவர்கள் வருவது காலை எட்டேகாலுக்கு, பிறகு நாலரை மணிக்கு, அப்புறம் டியூஷன் விட்டு இரவு எட்டு மணிக்கு. வந்தவர்கள் கேட்டதும் "குட்கா இருக்கா?" என்ற ஒரே கேள்விதான். இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சிகரெட்டும், பற்ற வைக்கக் கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டரும் அவர்கள் கண்ணெதிரேதான் இருந்தன. பிள்ளைகள் எட்டி எடுக்கும்படி புகையிலையை வைக்கக் கூடாது என்று விதியில் இருக்கிறதே, அதை அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே மாற்றியிருப்பேன். இப்போது சிகரெட்டைப் பின்பக்க மரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். லைட்டரைக் கழற்றிவிட்டேன்.

பள்ளியிலிருந்து நூறு கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர் தூரத்துக்குள் விற்கக் கூடாது என்ற விதியும் அதே 6-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த எல்லையை மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் போட்ட கோடு, குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தோடு போய்விட்டது. வடசென்னையை வரைபடத்தில் பார்க்காமல் நடந்து பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி எங்கே போனாலும் ஒரு பள்ளியின் நூறு கெஜம் முடிவதற்குள் அடுத்த பள்ளியின் நூறு கெஜம் தொடங்கிவிடும். கோட்டை நேர்மையாகப் போட்டால் பாதிச் சந்துகளில் சிகரெட்டே விற்க முடியாது. அதற்குப் பயந்துதான் கோடு மங்கியே கிடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். போடுங்கள். பிழைப்பு போய்விடும் என்று எங்கள் ஆட்களே எதிர்ப்பார்கள், நான் அவர்களோடு பேசுகிறேன்.

மாவா என்ற மெல்லும் புகையிலைக் கலவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கடை விஷயம் இல்லை. சீவல், ஜர்தா, சுண்ணாம்பு மூன்றையும் வீட்டு மிக்ஸியில் போட்டு அரைத்துச் சின்னக் கவரில் கட்டி, வண்டி டிக்கியில் வைத்து விற்கிறார்கள். மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை இருக்கிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தடை உத்தரவை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தடை இருக்கட்டும், அவசியம் வேண்டும். ஆனால் வண்டி டிக்கியைத் துரத்தும் வேலை எங்களால் ஆகாது, அது முழுக்கக் காவல்துறையின் வேலை. எங்களால் ஆவது ஒன்று உண்டு. திடீரென்று கிலோக் கணக்கில் சீவல் கேட்டு வருகிறவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். பெயர் வெளியே போகாது என்று நம்பிக்கை கொடுத்தால் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த நம்பிக்கை இப்போது இல்லை.

2019-இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுத்த கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்களாம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பு என்றால் மூன்று பேர். மகள் இதைப் படித்துச் சொன்னபோது, எனக்குத் தெரிந்த மூன்று முகங்கள் உடனே ஞாபகத்துக்கு வந்தன. பிடிபட்ட பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கையெடுத்துக் கேட்கிறேன். பள்ளியை விட்டு வந்த பிள்ளையைக் கடைத் தெருவில் தினமும் பார்க்கிறவள் நான். அவனுக்கு அப்புறம் தடையென்று ஒன்றுமே இருக்காது. அந்த இலவச எண்ணை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதி வையுங்கள். பக்கத்து மாநகராட்சி நலவாழ்வு மையத்தில் வாரம் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, இந்தப் பிள்ளைகளோடு பேச ஒருவரை உட்காரவையுங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் வந்துவிட்டுப் போகும்படி அது இருக்க வேண்டும்.

எங்கள் தெருப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் அம்மா அவனை அடிக்கவில்லை. அப்பா கரைக்கு வந்ததும் இரண்டு பேரும் அவனை உட்காரவைத்துப் பேசினார்களாம். அப்பா இப்போது தானே கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறார். முன்னளவு வாங்குவதில்லை. பையன் என்னோடு பேசுவதில்லை, தெரு முனையில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். நிறுத்திவிட்டானா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

உங்களில் யாராவது ஒருவர், பள்ளி நடக்கும் நாளில், சீருடை இல்லாமல், வண்டியைத் தெரு முனையிலேயே விட்டுவிட்டு என் கடைக்கு வாருங்கள். ஸ்டூல் போடுகிறேன். காலை எட்டே காலுக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு தடவை, அரை மணி நேரம் உட்கார்ந்து யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். உரிமம் கொடுக்கத் தொடங்கினால் முதல் விண்ணப்பம் என்னுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு தாய்